சுழியம் வாங்கிய வேன்

முதலில் எல்லோரும் சபீதாவின் டிபன் பாக்ஸைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

பத்தமடையில் காலையில் கிளம்பும் செந்தூர்பாண்டியின் வேன் மேலச்செவல், தருவை, மேலப்பாளையம் என்று நின்று நின்று, டவுண் ரதவீதித் துணிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். சபீதா மேலப்பாளையத்தில் ஏறுகிறவள். அவள் ஏறினதும் அழுகின முட்டை வாடை அடிக்கிறதென்று ஒருத்தி சொல்லிவிட, சபீதா டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சம்பழச் சோற்றை ஒவ்வொருத்தி மூக்குக்கும் நேராகக் கொண்டுபோய்க் காட்டினாள். மறுநாள் அவள் லீவு. வாடை லீவு போடவில்லை. பிறகு சந்தேகம் ஒருத்தியின் தலையெண்ணெய்க்குப் போனது, இன்னொருத்தியின் செருப்புக்குப் போனது, கடைசியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தது. தனியாக இருக்கிற ஆம்பிளை. என்னத்தைச் சமைக்கிறாரோ, எப்போது குளிக்கிறாரோ.

செந்தூர்பாண்டி கால்வாயில் காலையிலும் மாலையிலும் முங்கிக் குளித்தார். சோப்பை மாற்றினார். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். தருவை மேட்டில் வண்டி முக்கும்போது வாடை இரண்டு மடங்காக எழும்பி வந்தபோதுதான், நாறுவது தான் அல்ல, வண்டி என்று அவருக்கு விளங்கிற்று. அந்த நிமிஷம் அவருக்கு வந்த நிம்மதியை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் பின்னால் ஏழு துப்பட்டாக்கள் ஏழு மூக்குகளைப் பொத்திக்கொண்டிருந்தன. துப்பட்டாவுக்குள் இருந்து யாரும் கதை பேச மாட்டார்கள்.

கதைதான் விஷயம். செந்தூர்பாண்டியின் மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. பிள்ளை கிடையாது. வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான். ஆனால் வேனில் அப்படி இல்லை. டி.வி. இல்லாமலே எல்லாத் தொடரும் அவருக்குத் தெரியும். எந்தக் கடை முதலாளி எந்தப் பெண்ணைப் பார்த்துச் சள்ளென்று விழுந்தான், எவள் தங்கச்சி எவனோடு பேசுகிறாள், எந்த மாமியாருக்கு எந்தக் காலில் வலி எல்லாம் தெரியும். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டார். கியரை மட்டும் பையப் போடுவார், சத்தத்தில் பேச்சு விட்டுப்போகக் கூடாதென்று.

அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது மேலச்செவல் பொன்செல்வியின் கதை. அம்பாசமுத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் பஜ்ஜியைப் பிட்டு உள்ளே என்ன காய் என்று பார்த்துவிட்டுத்தான் தின்றான் என்பது வரை வந்திருந்தது. போய்ப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். அவ்வளவில் நின்றது.

முதலில் சபீதா வேனை விட்டு நின்றாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு. "உங்க மேல வருத்தமில்ல அண்ணாச்சி. நெஞ்சு அடைக்கி" என்று சொல்லிவிட்டுத்தான் நின்றாள். மற்றவர்கள் சொல்லாமல் நின்றார்கள். மகாராஜா என்றொருவன் அதே வழியில் புது வேன் விட்டிருந்தான். அதில் பாட்டு வேறு போடுவான். ஒரு திங்கட்கிழமை காலையில் செந்தூர்பாண்டி ஒவ்வொரு நிறுத்தமாக நின்று, யாரும் ஏறாமல், ஒவ்வொரு நிறுத்தமாகக் கிளம்பி, வெறும் வேனோடு டவுணுக்குப் போய்ச் சேர்ந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. போன் போட்டுக் கேட்கலாம்தான். வேன்காரன் ஒரு கல்யாணமாகாத பிள்ளைக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்பது எந்த ஊரில் நடக்கும்.

*

மெக்கானிக் மணிராஜ் வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சருக்கு முன்னால் இருக்கும் தகர டப்பாவை ஸ்பானரால் தட்டினான். உள்ளே சலங்கை மாதிரி குலுங்கிற்று.

"கன்வெர்ட்டர் போச்சு வே. உள்ள தேன்கூடு மாதிரி ஒண்ணு இருக்கும், புகையைச் சுத்தம் பண்ணுததுக்கு. அது உடைஞ்சு அடைச்சுக்கிட்டு. அதான் இழுவையும் இல்ல, நாத்தமும் வருது. பத்து நிமிசத்துல குடைஞ்சு எடுத்து வெளிய கொட்டிருதேன். நம்ம ஊர்ல ஓடுத வண்டி பாதிக்கு வயித்துல ஒண்ணும் கிடையாது."

குடைந்தால் வாடை போய்விடுமா என்று செந்தூர்பாண்டி கேட்டார். முட்டை வாடை போய்விடும், சுத்தம் பண்ணாத பச்சைப் புகை வரும், ஆனால் அது எல்லோருக்கும் பழகின வாடை என்பதால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றான் மணிராஜ். செந்தூர்பாண்டி யோசித்தார். பச்சைப் புகைக்குச் சபீதா ஏறமாட்டாள். சபீதா இல்லையென்றால், பொன்செல்வி தன் கதையைச் சொல்ல ஆள் இல்லை. அவளிடம் சரியான இடத்தில் சரியான கேள்வி கேட்கிறவள் சபீதாதான்.

"புதுசே போட்ருவோம்" என்றார்.

மணிராஜ் வண்டிக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டி அவரை ஒருமாதிரிப் பார்த்தான். தன் தொழிலில் இப்படி ஒரு வார்த்தையை அவன் கேட்டதில்லை. பாளையங்கோட்டை உதிரிபாகக் கடையில் விசாரித்தால், அங்கே ஒரு புது ஏற்பாடு. அந்த டப்பாவுக்குள் விலையுயர்ந்த உலோகம் இருக்கிறதாம். இரவோடு இரவாக வண்டிக்கு அடியில் புகுந்து அறுத்துக்கொண்டு போகிறார்களாம். ஆகையால் பழையது நிஜமாகவே கெட்டுவிட்டது என்று மையத்தில் ஒரு சான்று வாங்கி வந்தால்தான் புதியதைக் கண்ணில் காட்டுவார்கள்.

*

மையம் என்பது ஊர்திப் புகைத் தூய்மை மதிப்பீட்டு மையம். வண்ணார்பேட்டையில் ஒரு புரோட்டாக் கடைக்கு மேல், மாடியில் இருந்தது. கடையின் அடுப்புப் புகை மையத்தின் சன்னல் வழியாகத்தான் மேலே போகும். அதைப் பற்றி மையம் எதுவும் செய்வதற்கில்லை. அடுப்பு ஊர்தி அல்ல.

மாடியில் இன்பமணி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். செந்தூர்பாண்டி வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து சன்னலைத் திறந்து, கீழே நின்ற வேனின் நம்பர் பிளேட்டைப் போனில் படமெடுத்து, கணினியில் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு தாளை நீட்டினாள். வண்டி தேர்ச்சி.

"மேடம், நான் பெயிலாக வந்திருக்கேன்" என்றார் செந்தூர்பாண்டி.

இன்பமணி அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு, வீட்டில் யாரும் கூட வரவில்லையா என்று கேட்டாள். வீட்டில் யாரும் இல்லை என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், அப்படித்தான் இருக்கும் என்பது மாதிரி. வண்டி கெட்டிருக்கிறது, கெட்டதென்று எழுதித் தாருங்கள் என்று அவர் விளக்கியபோது, அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். தேர்ச்சி என்று ஒரு பொத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த பொத்தானில் எழுத்தே இல்லை. மையம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை, தொட்டால் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது, சார் வரட்டும் என்றாள்.

சார் என்பவர் ஆவுடைநாயகம். மையத்தின் தலைமை மதிப்பீட்டாளர். வந்தவர் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"வண்டி நாறுகிறது என்கிறீர்கள். எதைக் கொண்டு சொல்கிறீர்கள்? மூக்கைக் கொண்டு. மூக்கு தனிமனிதருடையது. கருவி அரசாங்கத்தினுடையது. மூக்கு உள்ளவர்கள் எல்லாம் முகர்ந்து முடிவெடுக்கத் தொடங்கினால் இந்த நாற்காலியில் நான் எதற்கு?"

அப்படியானால் கருவியை வைத்தே பாருங்கள் என்றார் செந்தூர்பாண்டி. இன்பமணி மெதுவாகத் திரும்பி மூலையைப் பார்த்தாள். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் கருவி இருந்தது. போன ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை காய்ந்து சருகாகக் கிடந்தது. நீளக் குழாயின் நுனியில் புகை இழுக்கும் துளை ஒன்று உண்டு. பூஜையன்று யாரோ பக்தி மிகுந்தவர் அந்தத் துளையைத்தான் கருவியின் நெற்றி என்று முடிவு செய்து, அதில் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். சந்தனம் காய்ந்து சிமெண்டாகிவிட்டது. அதன் வழியே புகை அல்ல, எறும்பின் மூச்சுக்கூடப் போகாது.

"புகை பட்டால் கருத்துவிடும் என்றுதான் வெளியே எடுப்பதில்லை" என்று ஆவுடைநாயகம் விளக்கினார். "போகட்டும். குடிமகன் கேட்கிறார். எடுங்கள்."

சூடம் காட்டிப் பேழையைத் திறந்து, இரண்டு பேர் கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு கீழே வந்தார்கள். வேனை முறுக்கச் சொன்னார்கள். செந்தூர்பாண்டி தன் வாழ்நாளில் முறுக்காத முறுக்கு முறுக்கினார். புரோட்டா தின்றுகொண்டிருந்தவர்கள் இலையோடு எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். குழாயை சைலன்சருக்குள் விட்டார்கள். கருவி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு காட்டியது: சுழியம்.

செந்தூர்பாண்டி மறுபடியும் பார்க்கச் சொன்னார். சுழியம். அந்த வழியாக வந்த ஒரு மணல் லாரியை மறித்துப் பார்த்தார்கள். சுழியம். செந்தூர்பாண்டி குழாயின் நுனியைக் காட்டி, "சார், ஓட்டையில சந்தனம் அடைச்சிருக்கே" என்றார். ஆவுடைநாயகம் குனிந்து பார்த்தார். சந்தனம் இருந்தது உண்மை. ஆனால் அது அடைப்பு என்று சொன்னால் பூஜையைக் குறை சொன்னதாக ஆகும்; குங்குமத்தைச் சுரண்டினால் யார் சுரண்டியது என்று கேள்வி வரும். அவர் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கொண்டுவரச் சொல்லி, கருவியின் முன் நீட்டினார். சுழியம்.

"பாருங்கள்" என்றார். "நல்ல ஊதுபத்தி."

மேலே போய் உட்கார்ந்ததும் அவர் குரல் தழுதழுத்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்துத் தேறிய வண்டிகள் ஆயிரம் உண்டு. கருவியே தொட்டுப் பார்த்துச் சுழியம் வாங்கிய ஒரே பயணிகள் ஊர்தி மாவட்டத்தில் இதுதான் என்றார். இப்படிப்பட்ட வண்டியின் வினையூக்கி மாற்றியைக் கழற்றப் பார்ப்பது, அரசு ஒப்புக்கொண்ட தூய்மையைச் சேதப்படுத்துவதாகும் என்றார். வினையூக்கி மாற்றி என்பது மணிராஜ் தட்டிப் பார்த்த டப்பாதான். மாலைக்குள் மையத்திலிருந்து ஒருவர் வண்டிக்கு அடியில் புகுந்து, அந்த டப்பாவைச் சுற்றிக் கம்பி கட்டி, ஈயத்தில் முத்திரை வைத்துவிட்டுப் போனார். முன்பக்கக் கண்ணாடிக்கு மேலே பச்சையில் ஒரு பலகையும் மாட்டினார்: மாவட்ட முன்மாதிரித் தூய ஊர்தி. இரண்டையும் ஓராண்டுக்குக் கழற்றக் கூடாது என்றார்.

மணிராஜ் படுத்துப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"இனி நான் தொட முடியாது வே. உம்ம டப்பாவுக்கு அரசாங்கமே தாலி கட்டியிருக்கு."

*

செந்தூர்பாண்டி தினமும் வண்டியை எடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் என்று கேட்டால் வழி விட்டுப்போகக் கூடாது என்பார். கேட்கத்தான் ஆள் இல்லை. மேலச்செவல் நிறுத்தத்தில் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். பெண்கள் நிழற்குடையின் உள்பக்கம் தள்ளி நிற்பார்கள். வேன் தாண்டும் வரை எல்லோருக்கும் போனில் அவசரமாக ஏதோ இருக்கும். அவரும் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்சம் நின்றுவிட்டுக் கிளம்புவார். பொன்செல்வியின் முகத்தைப் பார்த்துச் சேதி நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முயன்றார். முகத்தில் துப்பட்டா இருந்தது.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தூய காற்று வாரம் வந்தது. அதற்கு ஊர்வலம். ஊர்வலத்துக்கு முன்மாதிரி ஊர்தி. தலைநகர் அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அவர் செந்தூர்பாண்டியின் வேனில் ஏறி வண்ணார்பேட்டையிலிருந்து நெல்லையப்பர் கோயில் வாசல்வரை வருவார் என்று ஏற்பாடு. வேனுக்கு வாழைக்கன்று கட்டினார்கள். தூய காற்று நம் பிறப்புரிமை என்று எழுதிய பெரிய துணியை வேனைச் சுற்றி, எல்லாச் சன்னல்களையும் மூடி, ஆணி அடிக்காத குறையாகக் கட்டினார்கள். காற்று உள்ளே வர ஓர் இடுக்கு இல்லை.

பெரிய அதிகாரி ஏறினார். ஆவுடைநாயகம் ஏறினார். இன்பமணி ஆரத்தித் தட்டோடு ஏறினாள். இன்னும் நாலைந்து பேர் ஏறினார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வண்டி பின்னால் கனத்து, பழையபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. செந்தூர்பாண்டி கண்ணாடியில் பார்த்தார். எல்லாச் சீட்டிலும் ஆள். ஒருத்தர் வாயிலும் கதை இல்லை.

மேளம் முன்னால் போக, வண்டி முதல் கியரிலேயே ஊர்ந்தது. அடைத்துக்கிடந்த கன்வெர்ட்டர் இதற்காகவே காத்திருந்ததுபோல் சூடேறியது. பாலத்துக்கு வருவதற்குள் வேனுக்குள் ஒரு கோழிப்பண்ணையே அழுகியது. கீழே தாமிரபரணி காற்றும் தண்ணீருமாய்ப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு துளிக்கு உள்ளே வர அனுமதி இல்லை.

பெரிய அதிகாரி ஆவுடைநாயகத்தைப் பார்த்தார். ஆவுடைநாயகம் இன்பமணியைப் பார்த்தார். இன்பமணி ஆரத்தித் தட்டைப் பார்த்தாள். யார் முதலில் மூக்கைப் பொத்துகிறாரோ, அவர் கருவியை நம்பாதவர் ஆகிவிடுவார். ஒருவரும் பொத்தவில்லை. பெரிய அதிகாரி மட்டும் மிகவும் தணிந்த குரலில், காலையில் இங்கே யாராவது முட்டை சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். எல்லோரும் பிறவியிலேயே சைவம் என்று சத்தியம் செய்தார்கள். அதில் இரண்டு பேர் மையத்துக்குக் கீழே புரோட்டாவும் ஆம்லெட்டும் தின்றுவிட்டுத்தான் ஏறியிருந்தார்கள்.

"என்ன காற்று, சார்" என்றார் ஆவுடைநாயகம், கண்ணில் நீர் வழிய. "பொதிகை மலையிலிருந்து நேரே வருகிறது."

சந்திப் பிள்ளையார் முக்கில் இன்பமணி ஆரத்தித் தட்டில் வாந்தி எடுத்தாள். பித்தம் என்று முடிவு செய்யப்பட்டது. கோயில் வாசலில் கதவைத் திறந்ததும் பெரிய அதிகாரி இறங்கவில்லை, கிட்டத்தட்ட விழுந்தார். விழுந்து எழுந்து, மாலையை வாங்கிக்கொண்டு, மாவட்டத்தின் காற்றுத்தரம் தன்னை மூச்சடைக்க வைத்துவிட்டதாக மைக்கில் பேசினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு ஆவுடைநாயகம் வேனுக்குப் பக்கத்தில் தனியாக நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். செந்தூர்பாண்டி கிட்டே போனார்.

"இப்பமாவது நாறுச்சா சார்?"

ஆவுடைநாயகம் சோடாவை முழுக்கக் குடித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"எனக்கு நாறியது. மையத்துக்கு நாறவில்லை. நான் வேறு, மையம் வேறு. ஐந்தரைக்கு மேல் வீட்டுக்குப் போனால் எனக்கும் மூக்கு உண்டு, ஐயா."

அந்த ஒரு வார்த்தைக்காகச் செந்தூர்பாண்டிக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. எனக்கு ஒன்றும் பெரிதாக வேண்டாம், அந்த டப்பாவை மாற்ற விட்டால் போதும், பிள்ளைகள் வண்டியில் ஏறும் என்றார். கெட்டுவிட்டது என்று எழுத முடியாது என்றார் ஆவுடைநாயகம். சுழியம் வாங்கியது எப்படிக் கெடும். அவர் நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார். பெரிய அதிகாரி நாளையும் ஊரில்தான் இருப்பார், நாளையும் ஊர்வலம் உண்டு என்ற நினைவு அவருக்கு வந்திருக்க வேண்டும். திடீரென்று முகம் தெளிந்தது.

மறுநாள் ஆணை வந்தது. மாவட்டத்தின் பெருமையாகிய மேற்படி வினையூக்கி மாற்றியை, அதன் சிறப்பு கருதி, வருங்காலத் தலைமுறை கண்டு பயன்பெறும் வகையில் மையத்தில் காட்சிக்கு வைக்க அரசு எடுத்துக்கொள்கிறது. அது திரும்பி வரும்வரை ஊர்தி உரிமையாளர் தற்காலிகமாகப் புதியது ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

நாதஸ்வரம் வைத்து மணிராஜ் கையாலேயே கழற்றினார்கள். கருவிக்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடிப் பேழை வந்திருந்தது. டப்பாவைக் கழுவி உள்ளே வைத்து மாலை போட்டார்கள். இரண்டு பக்கத்து வாயிலும் கட்டை விரலால் சந்தனம் அப்பினார்கள்.

*

புதிய கன்வெர்ட்டர் போட்டதும் வண்டி மாறிவிட்டது. தருவை மேட்டை மூன்றாவது கியரில் ஏறியது. பின்சீட்டில் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு செந்தூர்பாண்டி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். ரெக்சின் வாசம். அவ்வளவுதான். சீட்டைத் துடைத்தார். மேலே சாமி படத்துக்குப் பிச்சிப்பூ வைத்தார்.

மறுநாள் மேலச்செவலில் இறங்கி, நிழற்குடைப் பக்கம் போய், வாடை போயிற்று, டப்பாவை மாற்றியாயிற்று, வந்து பாருங்கள் என்றார். பெண்கள் அவர் தலைக்கு மேலே பார்த்தார்கள். அங்கே பச்சைப் பலகை வெயிலில் மின்னியது. மேலப்பாளையத்தில் சபீதா மட்டும் வாயைத் திறந்தாள்.

"நாறும்போதும் இந்த போர்டு இருந்துச்சுல்லா, அண்ணாச்சி?"

அது நாறும்போதே தூயது என்று சொன்ன பலகை; இப்போது தூயதாகிவிட்டது என்று சொல்ல அதற்கு வேறு வார்த்தை கிடையாது. டவுணில் வேன்காரர்கள், முன்மாதிரி வருகிறது, மூக்கைப் பிடியுங்கள் என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. நிஜமாகவே நாறிய காலத்தில்கூட அவருக்கு ஒரு வேலை இருந்தது, மையத்துக்கு அலைகிற வேலை. இப்போது வண்டி சரியாகிவிட்டது. எங்கேயும் போய் முறையிட வழியில்லை. யாரும் ஏறாத வேனை எதற்காகக் காலையில் துடைக்கிறோம் என்று ஒருநாள் கையில் துணியோடு நின்று யோசித்தார். பிறகு துடைத்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நல்ல மழை. மேலச்செவலில் நிழற்குடையின் கீழே பொன்செல்வி மட்டும் சாரலில் நனைந்துகொண்டு நின்றாள். மகாராஜாவின் வேன் நிரம்பி, அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது. பஸ்ஸும் நிற்காமல் போயிற்று. தீபாவளிக் கூட்டத்தில் ஒரு நிமிஷம் பிந்தினால் துணிக்கடை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குளத்தில் குதிக்கிறவள் மாதிரி வேனுக்குள் ஏறினாள்.

செந்தூர்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாளோ என்று இருந்தது. கியரைப் பையப் போட்டார். தருவை தாண்டியது. கண்ணாடியில் துப்பட்டா அப்படியே இருந்தது. மேட்டில் வண்டி ஏறும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தாள். மேலப்பாளையத்துக்கு முன்னால் துப்பட்டா மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கியது. பிறகு கழுத்துக்கு.

"ஒண்ணும் இல்லையே" என்றாள், தனக்குத்தானே.

கேட்கலாமா கூடாதா என்று செந்தூர்பாண்டி நெடுநேரமாக ஸ்டீயரிங்கைப் பிசைந்துகொண்டிருந்தார். கடைசியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"ஏ பிள்ள, அம்பாசமுத்திரத்துக்காரங்க என்ன சொன்னாங்க?"

அவள் திகைத்துப் போனாள். இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்திருப்பாள். அப்புறம் இத்தனை நாளும் முன்சீட்டில் ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தவள்போலச் சிரித்தாள்.

"அந்தத் தாய்மாமன் இருக்காம்லா அண்ணாச்சி, பஜ்ஜியப் பிட்டுப் பாத்தவன்? அவன் கடைசீல என்ன செஞ்சான் தெரியுமா" என்று முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். வேன் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. செந்தூர்பாண்டி காலைத் தளர்த்தினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் பாலம் ஒரு அளவுக்குத்தான் நீளம். தாய்மாமன் கோபித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை வந்துவிட்ட நேரத்தில் ரதவீதி வந்துவிட்டது.

அவள் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

"அந்த போர்டக் கழத்திப் போடுங்க அண்ணாச்சி. அதப் பாத்துத்தான் பிள்ளைகளுக்குப் பயம். மிச்சத்த நாளைக்குச் சொல்லுதேன்."

போலீஸ்காரர் வந்து வண்டியைத் தட்டும்வரை செந்தூர்பாண்டி அங்கேயே நின்றார். பிறகு ஒரு ஓரமாக நிறுத்தி, மழையில் நனைந்துகொண்டே பலகையின் திருகுகளைக் கழற்றினார். ஓராண்டு ஆகவில்லை. அது குற்றம்தான். பலகையைப் பின்சீட்டுக்கு அடியில், எழுத்து தரையைப் பார்க்கத் தள்ளினார்.

ஊருக்குத் திரும்புகிற வழியில் வண்டிக்குள் ஈரத்துணி வாசமும் அவள் தலையில் வைத்திருந்த பூ வாசமும் மிச்சமிருந்தன. நாளைக்கு மகாராஜாவின் வேனில் இடம் இருக்கும். மழையும் இருக்காது. செந்தூர்பாண்டி கண்ணாடிகளை எல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டார்.